நான் போட்ட ‘முற்றாக’

மூன்று வருடத்துக்கு முன், பங்குனி மாதம். கொடிகாமத்துக்குக் கிட்ட உள்ள எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறை. மின்விசிறி சுற்றியும் காற்று வராத ஒரு மத்தியானம். அன்றைக்கு நான் ஒருவருக்கு உதவி செய்யப் போனேன். அந்த உதவியால் அவருடைய வேலையே போகப் பார்த்தது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் தமிழ் படிப்பிக்கிறவன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தலைமுடி அதற்கு முன்பே என்னைத் தாண்டிப் போய்விட்டது. ஊரில் எனக்கு இன்னொரு தொழிலும் உண்டு. யாராவது இறந்துபோனால் முப்பத்தோராம் நாளுக்கு அவரைப் பற்றிப் பாட்டும் புகழுமாக ஒரு சின்னப் புத்தகம் அடித்துக் கொடுப்போமே, கல்வெட்டு என்று, அதை எழுதிக் கொடுக்கிறவன். சம்பளம் இல்லை, வடையும் பாயாசமும் உண்டு. வாழும் காலத்தில் அயலவருக்குக் கிணற்றுக் கயிறு கூடக் கொடுக்காத மனிதரை ‘வாரி வழங்கிய வள்ளலே’ என்று எழுதி, அந்த அயலவரையே விக்கி விக்கி அழ வைத்திருக்கிறேன். என்னுடைய பேனை கண்ணீருக்குப் பழகிய பேனை. வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது.

எங்களோடு வரலாறு படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் இருக்கிறார். என்னை விடப் பத்து வயது குறைவு. பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே பார்வை மங்கத் தொடங்கி, இப்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். வெள்ளைப் பிரம்போடு பஸ்ஸில் வந்து இறங்குவார். பாடப்புத்தகம் முழுவதும் தலைக்குள் இருக்கும். பத்தாம் தரத்தில் பின்வரிசை வாங்கில் இருந்து எவன் தாளைக் கிழிக்கிறான் என்பதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்பார். நான் பிந்தி வந்து பூனை மாதிரி ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால், மற்றவர்கள் மரியாதைக்குப் பேசாமல் இருக்க, அவர் மட்டும் தலை நிமிர்த்தாமல் கேட்பார்:

“சேர், இண்டைக்கும் மோட்டச்சைக்கிளுக்குக் காய்ச்சலோ?”

இந்த வேலை அவருக்குச் சும்மா கிடைத்ததில்லை. ‘கண் தெரியாமல் எப்படிப் படிப்பிப்பீர்கள்’ என்று கேட்டவர்களுக்கு முன்னால் திரும்பத் திரும்பப் போய் நின்று பதில் சொல்லி, மூன்றாவது நேர்முகத்தில்தான் நியமனம் கிடைத்தது. கணவர் இல்லை. வயது போன தாயும் உயர்தரம் படிக்கும் மகளும் அந்தச் சம்பளத்தில்தான் இருந்தார்கள்.

அந்தப் பங்குனியில், மாற்றுத்திறனாளிகளான ஆசிரியர்களுக்கு உதவிப்பணம் கொடுக்கும் திட்டம் ஒன்று இருப்பதாகச் சுற்றுநிருபம் வந்தது. ரீச்சருக்கு நெடுநாளாக ஒரு ஆசை: தமிழை வாசித்துச் சொல்லும் மடிகணினி ஒன்று. கேள்வித்தாளைத் தானே தயாரிக்கலாம், கந்தோர் என்று நாங்கள் சொல்லுகிற கல்வி அலுவலகத்தில் இருந்து வருகிறதைத் தானே வாசிக்கலாம், இன்னொருவருடைய ஓய்வு நேரத்தைக் கேட்டு நிற்க வேண்டாம். ஆனால் அந்த உதவிக்கான விண்ணப்பம் கடதாசியில், பெட்டி பெட்டியாக இருந்தது. கூடவே ஒரு விளக்கக் கடிதமும் எழுத வேண்டும். நான் குறுக்கே விழுந்தேன்.

“ரீச்சர், உதை என்னட்டை விடுங்கோ.”

“விடுறன் சேர். ஆனா உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ. கூட்டிக்கீட்டி எழுதிப்போடாதேங்கோ.”

“சீச்சீ! நான் எப்ப கூட்டி எழுதினனான்?”

பக்கத்து மேசையில் இருந்த கணித ரீச்சருக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது.

வீட்டுக்கு வந்து, அவர் சொன்னபடியே முதலில் எழுதினேன். பார்வை இல்லை. இன்ன வகுப்புகளுக்கு வரலாறு படிப்பிக்கிறேன். மடிகணினி இருந்தால் இன்னின்ன வேலைகளை நானே செய்வேன். அதற்கு உதவி வேண்டும். நாலு வசனம். வாசித்துப் பார்த்தால் உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்தது. இதற்கு யார் காசு கொடுப்பார்கள்? கந்தோரில் எத்தனை கடிதம் குவிந்து கிடக்கும், அதற்குள் இது எந்த மூலைக்கு? அந்த யோசனையில் தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

‘பார்வை எனும் பேரொளியைப் பறிகொடுத்த பேதை யான். கரும்பலகையில் ஓர் எழுத்தேனும் எழுத மாட்டாது, கடமையாற்ற முற்றாக இயலாத நிலையில், ஒவ்வொரு நாளையும் கண்ணீரால் கழுவிக் கழிக்கின்றேன்.’

எழுதி முடிக்க எனக்கே கண் கலங்கியது. உண்மையைச் சொன்னால், முதலில் ‘கடமையாற்ற இயலாத’ என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். வாய்விட்டு வாசித்தபோது ஓசை எங்கேயோ தட்டியது. ‘முற்றாக’ என்று ஒரு சொல்லை நடுவில் செருகினேன். வசனம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது. நானும்தான்.

அடுத்த நாள் இடைவேளையில் ரீச்சர், “வாசியுங்கோ சேர், கேப்பம்” என்றார். வாயைத் திறந்தேன். எதிரில் அவருடைய முகம். பத்தாம் தரத்தைப் பிடித்து உலுக்கிவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். அந்த முகத்துக்கு முன்னால் ‘பேதை யான்’ என்று சொல்ல நாக்கு வரவில்லை. அதனால் என்ன செய்தேன்? தாளைப் பார்த்துக்கொண்டே, தாளில் இல்லாததை வாசித்தேன். நான் கசக்கி எறிந்த அந்த நாலு வசனத்தையும், தடுமாறாமல், நிறுத்தக் குறிகளோடு.

“நல்லாயிருக்கு சேர். நீங்கள் இவ்வளவு சுருக்கமா எழுதுவியள் எண்டு நான் நினைக்கேல்லை.”

அந்தப் பாராட்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன். கையெழுத்து வைக்கும் இடத்தில் அடிமட்டத்தை வைத்துக் கொடுத்தேன். அதன் விளிம்பை விரலால் தடவி, நேராக, அழகாகக் கையெழுத்து வைத்தார். பிறகு விண்ணப்பம் பள்ளிக்கூடத்து அதிபரிடம் போனது. அதிபருக்கு இரண்டு கண்ணும் நல்ல கண். அவர் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

சித்திரை விடுமுறை கழிந்து பள்ளிக்கூடம் தொடங்கி இரண்டு கிழமை இருக்கும். அதிபர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார்.

“சேர், உதை ரீச்சருக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டும். நீர்தானே விண்ணப்பம் எழுதினது?”

வாசித்தேன். ‘கடமையாற்ற முற்றாக இயலாத நிலை’ என்று தாங்களே குறிப்பிட்டிருப்பதால், சேவையில் தொடர்வதற்கான தகுதியைத் தீர்மானிக்க மருத்துவ சபையின் முன் தோன்றவும். முடிவு வரும்வரை உதவிப்பண விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படும். மருத்துவ சபை என்றால் வைத்தியர்கள் கூடி, இவர் வேலைக்கு ஏற்றவரா, இல்லை வீட்டுக்கு அனுப்புவதா என்று சொல்லும் இடம். கந்தோரில் யாரையும் குறை சொல்ல முடியாது. வேலை செய்யவே ஏலாது என்று ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? என்னுடைய வசனத்தை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். என் எழுத்தை ஒருவர் அவ்வளவு கவனமாக வாசித்தது அதுதான் முதல் தடவை.

கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அதன் பிறகு என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. இருந்தால் கடதாசி நெஞ்சில் உரசியது. எழும்பினால் சரசரத்தது. ஆசிரியர் அறைக்குள் யன்னலுக்கும் அலுமாரிக்குமாக நடந்தேன். தண்ணீர் குடிக்கப் போனேன். குடிக்காமல் வந்தேன்.

“சேர், என்ன இண்டைக்கு நடை கூடிப்போச்சு? அறையை அளந்து விக்கப் போறியளோ?” என்றார் ரீச்சர்.

கால் பிடித்துக்கொண்டது என்றேன். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். சொல்லவில்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அரை நாள் லீவு போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தொண்டைமானாற்றுக்கு, சந்நிதி முருகனிடம் ஓடினேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ‘கந்தோர்களில் எத்தனையோ கோவைகள் தானாகத் தொலைகின்றன, இந்த ஒன்றையும் தொலைத்துவிடு’ என்றுதான் கேட்டேன். பூசை முடிய மடத்தில் அன்னதானம். இலை போட்டுச் சோறு வைத்தார்கள். முதல் வாயே இறங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் என் இலையையும் என் உடம்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அண்ணை, உடம்புக்கு ஏலாதோ?” என்று கேட்டார்.

நாள் முழுவதும் எங்கள் ஆட்கள் சொல்லுகிற சொல்தான், ஏலாது; நான் எழுதிய ‘இயலாத’தான் அது. அன்றைக்கு அந்தச் சொல் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சோற்றோடு இலையை மடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் இலையில் சோறு மிஞ்சிய நாள் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டேன். தோய்க்க எடுத்த மனைவி பையைத் தடவிக் கடிதத்தை எடுத்து வாசித்துவிட்டார். என்ன என்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு, “அவவுக்கு எப்ப சொல்லப் போறியள்?” என்றார்.

“திங்கக்கிழமை சொல்லுவம் எண்டு…”

“ஏன், திங்கக்கிழமை நல்ல முகூர்த்தமோ? பஞ்சாங்கம் பாத்தனீங்களோ?”

சனிக்கிழமை விடியவே ரீச்சர் வீட்டுக்குப் போனேன். மகள் ரியூசனுக்குப் போயிருந்தார். தாய் பின்வளவில் நின்றார். ரீச்சர் குசினி வாசலில் திருவலையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். என் குரலைக் கேட்டதும், “சேர், வாங்கோ! இந்தப் பக்கம் ஆரின்ரை கல்வெட்டு?” என்று சிரித்தார். நான் முக்காலியின் நுனியில் உட்கார்ந்து, கந்தோர்க் கடிதத்தை முதல் எழுத்தில் இருந்து கடைசி முத்திரை வரை வாசித்தேன். ‘முற்றாக’ வந்ததும் தேங்காய் திருவும் சத்தம் நின்றது.

“நான் அப்பிடி எழுதச் சொல்லேல்லையே.”

“இல்லை.”

“நீங்கள் வாசிக்கேக்கையும் அது இருக்கேல்லையே.”

“இல்லை, ரீச்சர்.”

தேங்காய்ப் பாதியைத் திருவலைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு, “விண்ணப்பத்தின்ரை கொப்பி வைச்சிருக்கிறியளோ?” என்று கேட்டார். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன், பின்னால் எனக்கே வாசித்துச் சந்தோசப்படுவதற்காக. “வாசியுங்கோ. இந்த முறை எழுதினதை வாசியுங்கோ” என்றார்.

வாசித்தேன். பேரொளி, பேதை, முற்றாக, கண்ணீரால் கழுவி. என் தமிழ் என் வாய்க்குள்ளேயே மண்ணாய்க் கரகரத்தது.

“சேர், இது கல்வெட்டெல்லோ? நான் செத்தாப் பிறகு பாட வேண்டியதை இப்பவே பாடிப்போட்டியள்.”

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரிக்க வாயெடுத்தேன். நல்ல காலம், அதற்குள் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

“அந்த ‘முற்றாக’வை ஏன் போட்டனீங்கள்?”

“அது… ஓசை காணாமல் இருந்தது. வசனம் நிறைவா இருக்கட்டும் எண்டு…”

“ஓசைக்கு” என்றார். அந்தச் சொல்லை ஒரு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். “சரி, எழுதினதைக் கூட விடுவன் சேர். உங்கடை கை அப்பிடிப் பழகின கை. ஆனா வாசிச்சியள் பாருங்கோ… எனக்கு எழுத்தெண்டா ஆரோ ஒராளின்ரை குரல்தானே? குரல் பொய் சொன்னா நான் எங்கை போய்ச் சரிபாக்கிறது?”

 

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். “பேனை கிடக்கோ? எழுதுங்கோ” என்றார். கந்தோருக்கு என் பெயரில், என் கையெழுத்தில் ஒரு கடிதம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். ‘அவர் சொன்னதைப் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று போடுவோமா’ என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

“நீங்கள் பிழையா விளங்கேல்லை. பிழையா எழுதினனீங்கள், பிழையா வாசிச்சனீங்கள். அதைப் போடுங்கோ.”

போட்டேன். திங்கட்கிழமை ஆசிரியர் அறையில், எல்லாருக்கும் முன்னால், அந்தக் கடிதத்தைக் கணித ரீச்சரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். நான் எழுதியதை இன்னொரு குரலில் கேட்டுச் சரிபார்த்தார். சரியாகத்தான் செய்தார். எனக்குத்தான் இருக்கிற இடத்தில் முள் முளைத்த மாதிரி இருந்தது.

அதிபர் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். “சேர், உதைக் குடுத்தா உம்மட்டை விளக்கம் கேப்பினம். எழுத்துப் பிழை எண்டு சொல்லிச் சமாளிச்சுப் போடலாம். யோசியும்” என்றார். மறைக்க மாட்டேன், என் மனம் அந்தப் பக்கம் துள்ளிப் பாய்ந்தது. ஓய்வூதியத்துக்குச் சில வருடங்கள்தான் இருந்தன. ரீச்சர் பக்கத்தில்தான் நின்றார். பிரம்பை ஒரு கையில் இருந்து மற்றக் கைக்கு மாற்றினார், அவ்வளவுதான். நான் கடிதத்தைக் கொண்டுபோய்க் கந்தோரில் கொடுத்தேன். வாங்கிக் கோவையில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் கையெழுத்திட்டுக் கொடுத்த விண்ணப்பம் விண்ணப்பம்தான். மருத்துவ சபைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றார்கள்.

அந்த நாளும் வந்தது. பஸ்ஸில் ரீச்சரோடு யாழ்ப்பாணம் போனேன். ஆஸ்பத்திரியில் நீள வாங்கு ஒன்றில் இருத்தினார்கள். ரீச்சர் மடியில் கை வைத்துக்கொண்டு அமைதியாக இருந்தார். நான் எழும்பினேன், இருந்தேன், கதவுப் பக்கம் போனேன், வந்தேன், மின்விசிறியைப் பார்த்தேன், நேரத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்ற ஊழியர் பொறுக்க முடியாமல் வந்தார்.

“ஐயா, உங்களிலை ஆர் நோயாளி?”

“என்னைத்தான் கூப்பிட்டிருக்கு தம்பி” என்றார் ரீச்சர். “ஆனா ஏலுமெண்டா இவரையும் ஒருக்கா உள்ளை விட்டுப் பாருங்கோ.”

மூன்று கிழமைக்குப் பிறகு அவர் என்னைப் பகிடி பண்ணியது அதுதான் முதல் தரம். எனக்கு அழுகை வந்துவிட்டது. தும்மல் மாதிரிச் சமாளித்தேன்.

உள்ளே போனார். கதவைச் சாத்தினார்கள். நான் அந்தக் கதவின் பலகையில் எத்தனை ஆணி இருக்கிறது என்பது வரை பார்த்து முடித்துவிட்டேன். திறந்தபோது பிரம்பு முதலில் வந்தது, பிறகு ரீச்சர்.

“என்ன கேட்டவை ரீச்சர்?”

“எப்பிடிப் படிப்பிக்கிறனீங்கள் எண்டு கேட்டவை. சொன்னன். பிறகு ‘முற்றாக’ எண்டா என்னெண்டு கேட்டவை. அது எங்கடை தமிழ் சேரின்ரை ஓசை எண்டு சொன்னன்.”

“சிரிச்சவையோ?”

“இல்லை.”

முடிவு தபாலில் வரும் என்றார்கள். ஒன்றரை மாதம் வரவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் எனக்கு வகுப்பில் வசனம் பாதியில் நின்றுவிடும். பிள்ளைகள் என்னைப் பார்த்து முழிப்பார்கள். ரீச்சரோ பக்கத்து வகுப்பில் குரல் குறையாமல் படிப்பித்துக்கொண்டிருப்பார். அவர் பயப்படவில்லை என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கணித ரீச்சர் சொல்லித்தான் தெரியும், பதினோராம் தரத்துக்குச் சோதனைக்கு முன் முடிக்க வேண்டிய பாடங்களை அவர் அவசர அவசரமாக முடித்துக்கொண்டிருந்தாராம். தான் இல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்குக் குறை வரக்கூடாது என்று. அன்றைக்கு நான் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

கடிதம் வந்த அன்று அதை வாசிக்கிற உரிமை எனக்கு இருக்கவில்லை. கணித ரீச்சர் வாசித்தார். நான் வெளி விறாந்தையில் தூணோடு ஒட்டி நின்று கேட்டேன். ‘சேவையில் தொடரத் தகுதியுடையவர்.’ அந்த வசனத்தில் ஓசையும் இல்லை, ஒரு அலங்காரமும் இல்லை. அதை விட நல்ல தமிழை நான் இன்றுவரை கேட்டதில்லை.

ஆனால் அதற்குள் அந்த வருடத்து உதவிப்பணம் முடிந்துவிட்டது. நான் தவணைக் காசு கட்டியாவது ஒரு மடிகணினி வாங்கித் தருகிறேன் என்று போய் நின்றேன்.

“எனக்கு வரவேண்டிய பங்கு எனக்கு வரும் சேர். உங்கடை மனச்சாட்சிக்கு மருந்து வாங்கிறதெண்டா வேறை கடை பாருங்கோ” என்றார்.

எனக்கும் வரவேண்டியது வந்தது. விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார்கள். அதை மேசை லாச்சிக்குள் ஒளிக்கப் பார்க்க, “சேர், என்ன கடதாசிச் சத்தம்? வாசியுங்கோ, எல்லாரும் கேப்பம்” என்றார் ரீச்சர். ஆசிரியர் அறைக்கு நடுவில் நின்று, எனக்கு வந்த எச்சரிக்கையை நானே முழுதாக வாசித்தேன். கணித ரீச்சர் எட்டிப் பார்த்து, “ஒண்டும் விடேல்லை” என்று சான்று சொன்னார்.

அடுத்த வருடம் ரீச்சர் மகளை வைத்து மறுபடி விண்ணப்பித்தார். நாலு வசனம்தான். பணம் வந்தது, மடிகணினியும் வந்தது. அது தமிழ் வாசிக்கிறதைக் கேட்டால் தமிழ் ஆசிரியன் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். ‘ழ’வை அது படுத்துகிற பாடு! ஒருநாள் பொறுக்காமல் சொல்லிவிட்டேன்.

“ஓம் சேர், உச்சரிப்பு மோசம்தான்” என்றார் ரீச்சர். “ஆனா கிடக்கிறதைத்தான் வாசிக்குது.”

போன மாதம், இடைவேளையில், என் மேசையில் ஒரு கடித உறையை வைத்தார். பழைய மாணவி ஒருத்தி கையால் எழுதி அனுப்பியது. கையெழுத்தை அந்த இயந்திரத்தால் வாசிக்க முடியாது. கணித ரீச்சர் அங்கேதான் இருந்தார். ஆனாலும் என்னிடம்தான் வைத்தார். நான் வாசித்தேன். அந்தப் பிள்ளை விட்ட எழுத்துப் பிழைகளைக் கூடத் திருத்தாமல் வாசித்தேன். முடிந்ததும் கடிதத்தை வாங்கி மடித்துவிட்டு, “சரி சேர், மணி அடிக்கப் போகுது” என்று எழும்பிப் போனார்.

ரீச்சர் என்னிடம் இரவல் கேட்டது என் கண்ணை மட்டும்தான். நான் கேளாமலே என் இரக்கத்தையும் சேர்த்துக் கொடுத்து அவரைக் கவிழ்க்கப் பார்த்தேன் என்பதால், இன்றைக்கும் யாருக்காவது ஒரு வரி வாசித்துக் காட்டும்போது அந்த வரிக்குள் நான் எங்கேயாவது புகுந்து இருக்கிறேனா என்று ஒரு பதற்றத்தோடு திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.